மாப்பிள்ளை இட்ட முட்டை

அத்தான் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டியபோது அதில் ஒரு வெள்ளை முட்டை இருந்தது. பல்லி முட்டையைவிடப் பெரிது, காடை முட்டையைவிடச் சிறிது. புள்ளியும் கோடும் இல்லாத சுத்த வெள்ளை. வடக்கயிறு பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கையில், வேறு யாரோ கொஞ்ச நேரம் வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பொருளைப்போல அது கிடந்தது. அவர் அதை எனக்குக் காட்டினாரே தவிர என்னிடம் தரவில்லை.

“தம்பி, மாப்பிள்ளை முட்டை போட்டிருக்கிறார்” என்றார்.

அத்தான் என் அக்காவின் கணவர். துறைமுகத்தில் பெரிய கப்பல்களைக் கரைக்கு இழுத்துவரும் இழுவைப் படகை ஓட்டியவர். நான் அதே துறைமுகத்தின் வாசலில், உள்ளே வருவதையும் வெளியே போவதையும் சோதித்து விடுகிற வேலையில் இருந்தவன். இருவரும் ஓய்வு பெற்ற பிறகு லிங்கநகரில் ஒரே ஒழுங்கையில் எதிரெதிர் வீடுகளில் இருந்தோம். மாப்பிள்ளை என்பது அவர் வீட்டில் இருந்த பறவை, கொக்கட்டீல் என்ற சிறிய கிளி. சாம்பல் உடம்பும், நினைத்தபோது நிமிரும் கொண்டையும், கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டுமாக, தன் தகுதிக்கு மீறிய அலங்காரத்தோடு இருக்கும்.

அதை வாங்கியவர் அக்கா. நோயில் விழுந்து, கட்டிலை விட்டு இறங்க முடியாமற்போன காலத்தில், பேச ஏதாவது வேண்டும் என்று கேட்டார். அத்தான் பேசுகிற ஆள் இல்லை. நான் பேசுவேன், ஆனால் நான் பேசினால் விசாரணைபோல இருக்கிறது என்று அக்காவே சொல்லியிருக்கிறார். பசாரில் பறவை விற்கிறவர் “ஆண்தான், நல்லாப் பாடும்” என்று சத்தியம் செய்து கொடுத்தார். தலைப்பாகை கட்டிய மாதிரிக் கொண்டையும் பொட்டும் இருந்ததால் அக்கா அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்து, மரியாதையோடு ‘அவர்’ என்றே அழைத்தார். அக்கா இறந்த பிறகு பறவை சுவரைப் பார்த்தபடி இருந்தது. அத்தானும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தார். உறவினர்கள் அந்தப் பறவையை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார்கள். அத்தான் எழுந்து போய்ப் பறவையின் தீனிக் கிண்ணத்தை நிரப்பினார். அதற்கு மறுப்பு என்று பொருள்.

பிறகு பறவையின் நடத்தை மாறியது. என் கண்ணில் முதலில் பட்டது அதுதான், முட்டை அல்ல. கூண்டுக்கு அடியில் விரித்த பத்திரிகையைக் கீலம் கீலமாகக் கிழித்தது. வெளியே விட்டால் அலுமாரிக்குக் கீழே, இருட்டுக்குள் போய்ப் புகுந்துகொண்டது. அத்தான் இடுப்பில் கட்டும் சாரங்கள் மடித்து வைத்த இழுப்பறையைத் திறந்தால் உள்ளே இறங்கி, சாரத்தின் மடிப்புக்குள் வயிற்றை அழுத்திச் சுற்றிச் சுற்றி வந்தது. நான் பக்கத்தில் போனால் கொண்டையைப் பின்னுக்குச் சாய்த்துச் சீறியது. ஒருமுறை விரலைக் கடித்தும்விட்டது. ஆனால் அத்தான் அறைக்குள் வரும்போது மட்டும் ஒரு மெல்லிய ஒலி, ஒரே ஒலி, திரும்பத் திரும்ப. எண்ணெய் போடாத சைக்கிள் சில்லு மெதுவாகச் சுற்றுவதுபோல. அது பாட்டில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்தது. என்ன என்றுதான் தெரியவில்லை.

முட்டை வந்ததும் என் முப்பத்தைந்து வருடப் பழக்கம் எழுந்து உட்கார்ந்துகொண்டது. துறைமுக வாசலில் நான் கற்றுக்கொண்ட முதல் விதி எளிமையானது. ஒரு பொருள் உள்ளே இருக்கிறதென்றால் அது ஏதோ ஒரு வாசலால் வந்திருக்க வேண்டும். தானாக முளைத்த சரக்கு என்று உலகத்தில் எதுவும் இல்லை. அப்படி முளைத்ததாக என்னிடம் சொன்ன அனைவரும் பிறகு வேறு கதை சொல்ல வேண்டி வந்தது. ஆண் என்று விற்கப்பட்ட பறவை பெண் என்பது வியாபாரியின் புரட்டு, அதை அந்த இடத்திலேயே ஏற்றுக்கொண்டேன். குஞ்சுப் பருவத்தில் இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்குமாம். ஆனால் பூட்டிய கூண்டுக்குள் தனியாக இருக்கும் பெண் பறவைக்கு முட்டை எங்கிருந்து வந்தது? இன்னொரு பறவை வந்திருக்கிறது. அதை யாரோ கொண்டுவந்திருக்கிறார்கள். அத்தானுக்குத் தெரிந்தோ தெரியாமலோ, அக்காவின் பறவையை வைத்து யாரோ குஞ்சு எடுக்கப் பார்க்கிறார்கள்.

“உன்ர புத்தி போற போக்கைப் பார்” என்றார் அத்தான். “கிளிக்குக் கள்ளப் புருஷன் பிடிக்க வந்திட்டான்.”

“நீங்கள் சிரியுங்கோ. முட்டையை என்னட்டத் தாருங்கோ.”

“ஏன், பொரிக்கவோ?”

“சான்றுப் பொருள்.”

தந்தார். அதைப் பஞ்சில் பொதிந்து, வெறும் மருந்துப் பெட்டி ஒன்றில் போட்டு என் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். அத்தான் வீட்டுப் பின்கதவிலும் அறை யன்னலிலும், சரக்குப் பெட்டிக்கு முத்திரை வைப்பதுபோல, வெளியே தெரியாத இடத்தில் தையல் நூல் கட்டினேன். என் முடிச்சை வேறு ஒருவராலும் திரும்பப் போட முடியாது. முன்வாசல் என் விறாந்தைக் கதிரையிலிருந்து நேராகத் தெரியும். ஒரு நாள் விட்டு இன்னொரு முட்டை. நூல் அறுந்திருக்கவில்லை. அதையும் எடுத்துக்கொண்டு போனேன். பிறகு இன்னொன்று. நான் பறிமுதல் செய்யச் செய்ய, பறவை சளைக்காமல் ஈடு செய்தது. இவ்வளவு துணிச்சலான குற்றவாளியை நான் சேவையில் இருந்த காலத்தில் பார்த்ததில்லை.

முன்வாசலால் ஒழுங்காக வந்துபோனவர் ஒருவர்தான். கிண்ணியாவிலிருந்து வரும் முஸ்லிம் நண்பர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர். அத்தானின் படகில் கயிறு வீசியவர், அத்தானைவிட இளையவர். வெள்ளிக்கிழமைகளில் தொழுகை முடிந்து, பாலம் கடந்து பஸ்ஸில் வந்து, பின்னேரம் வரை அத்தானோடு இருந்துவிட்டுப் போவார். இரண்டு பேரும் அதிகம் பேசுவதில்லை. துறைமுகத்தில் கப்பல் ஊதினால், அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று இருந்த இடத்திலிருந்தே சொல்லிக்கொள்வார்கள். நானாவின் கையில் எப்போதும் துணி போட்டு மூடிய பனையோலைக் கூடை ஒன்று இருக்கும். துணியின் ஓரத்தைக் கூடையின் பொத்தல்களுக்குள் செருகியிருப்பார். காற்றோட்டம் தேவைப்படுகிற பொருளை அப்படித்தான் மூடுவார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவரை என் வீட்டு வாசல் படலையடியிலேயே மறித்தேன்.

“நானா, கூடைக்குள்ள என்ன?”

“மீன், சேர்.”

“உயிரோடையோ?”

“பொரிச்ச மீன் எப்பிடி சேர் உசிரோட இரிக்கும்?” துணியை விலக்கிக் காட்டினார். மீன்பொரியலும், அவித்த மரவள்ளிக் கிழங்கும், ஒரு போத்தலில் சம்பலும் இருந்தன. “அடியிலயும் பாத்துக் கொள்ளுங்க. ஒரு துண்ட எடுங்க, வாசல் வரியா.”

“உங்கட வீட்டில பறவை நிக்குதெண்டு கேள்வி.”

“புறா நிக்கிது. புறாவுக்கும் இதுக்கும் கலியாணம் பேச ஏலா சேர், ரெண்டு சாதியும் ஒத்துக்கொள்ளாது.”

அன்று மாலை அத்தான் என் விறாந்தைக்கு முன்னால் நின்று, “பொரிச்ச மீனுக்கு வரி கேட்டியாம்” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனார். அவர் சிரித்ததை நான் பின்னாலிருந்து, தோள்கள் குலுங்குவதில் பார்த்தேன். இருந்தும் என் சந்தேகம் தீரவில்லை. ஒருவர் தன் கூடையை இவ்வளவு விருப்பத்தோடு திறந்து காட்டுகிறார் என்றால், பொருள் கூடையில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது என்பது என் அனுபவம். அந்த அனுபவத்தைப் பற்றி எனக்கு இன்றும் புகார் இல்லை. இந்தமுறையும் பொருள் வேறெங்கோதான் இருந்தது.

ஒரு காலை அத்தான் சட்டையின் பொத்தான்களைத் தப்புத் தப்பாகப் பூட்டிக்கொண்டு வந்து நின்றார். பறவை கூண்டின் அடியில், மூலையில், இறகெல்லாம் ஊதிப் பந்துபோல இருந்தது. கண்களை மூடி மூடித் திறந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது. அந்த மெல்லிய ஒலி இல்லை. அத்தான் அதைத் துவாயில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். நான் ஓட்டோ பிடித்தேன். மிருக வைத்தியரிடம் போனோம். வழியில், எங்கள் ஊர் வீதிகளில் குப்பை மேய்ந்து திரியும் மான்களில் ஒன்று குறுக்கே வந்து ஓட்டோ குலுங்கியபோது, அவர் ஓட்டுநரிடம், “மெல்லமாய் தம்பி, மெல்லமாய்” என்றார். அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கடைசியாகக் கொண்டுபோனபோதும் அதையேதான் சொன்னார். அன்று நான் வண்டியின் முன் ஆசனத்தில் இருந்தேன்.

அங்கே ஆடுகளும், தம்பலகாமத்திலிருந்து லொறியில் வந்த ஒரு கன்றும், அவற்றுக்கு உரியவர்களும் காத்துக்கொண்டிருந்தார்கள். துவாயில் சுற்றிய பறவையோடு நின்ற கிழவரை எல்லோரும் பார்த்தார்கள். வைத்தியர் இளம் பெண். துவாயை விலக்கி, வயிற்றை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார்.

“முட்டை இறங்காமல் நிக்குது. எவ்வளவு காலமாய்ப் போடுது?”

கேள்வி அத்தானை நோக்கியது. ஆனால் விவரம் சொல்லத் தெரிந்தவன் நான் என்பதால் நான் சொன்னேன். ஆண் பறவை எதுவும் உள்ளே வரவில்லை, எல்லா வாசல்களையும் நானே சோதித்திருக்கிறேன், நூல் அறவில்லை, கூடையையும் பார்த்தாகிவிட்டது என்று ஒழுங்காக முன்வைத்தேன். வைத்தியர் பறவையை மின்குமிழின் சூட்டில் வைத்து, சொட்டுச் சொட்டாக ஏதோ மருந்தைப் பருக்கிக்கொண்டே என்னைக் கேட்டார்.

“காலமை என்ன சாப்பிட்டனீங்கள் ஐயா?”

“பாணும் முட்டையும்.”

“அந்தக் கோழியிட்ட எந்தச் சேவல் வந்தது?”

கன்றுக்குட்டியின் சொந்தக்காரர் சிரித்தார். நான் வாழ்நாள் முழுவதும் கடையில் முட்டை வாங்கித் தின்கிறவன். பெட்டைக் கோழிகள் மட்டுமே இருக்கும் பண்ணைகளிலிருந்து அவை வருவது எனக்குத் தெரியும். அந்த அறிவை ஓர் அறையிலும் இந்தப் பறவையை இன்னோர் அறையிலும் வைத்துப் பூட்டியிருந்தேன். வாசல்களை மட்டுமே பார்த்துப் பழகியவனுக்கு, உள்ளேயே உண்டாகும் பொருளைப் பற்றி யோசிக்க வராது.

“போட்ட முட்டையெல்லாம் எங்க?”

“என்னட்ட இருக்கு. பத்திரமாய்.”

“அதுதான் வினை. தன்ர கூட்டுக்கு இவ்வளவு முட்டை காணும் எண்டு தோன்றினால்தான் அது நிப்பாட்டும். நீங்கள் எடுக்க எடுக்க அது போட்டுக்கொண்டே இருக்கும். உடம்பில சுண்ணாம்பு கரைஞ்சு போச்சு. இனி எடுக்காதேங்கோ. கிடக்கட்டும், இருந்து பாத்திட்டு அலுத்துப்போய்த் தானே விடும்.”

நான் தலையாட்டினேன். ஆனால் அவர் முடிக்கவில்லை. அத்தானைப் பார்த்தார்.

“ஆனால் தொடங்கினது அதால இல்லை. சோடி ஒண்டு கிடைச்சிட்டுது எண்டு இதுக்கு மனதில பட்டால்தான் தொடங்கும். தனியா நிக்கிற பறவை வீட்டில ஆரையாவது சோடியா எடுத்துக்கொள்ளும். ஆர் ஐயா இதை அடிக்கடி தொடுறது? முதுகை, செட்டைக்குக் கீழ, ஆரும் தடவுறனீங்களோ?”

“இல்லை” என்றார் அத்தான்.

மிக வேகமாகச் சொன்னார். கேள்வி முடிவதற்குள் சொன்னார். அத்தான் எந்தக் கேள்விக்கும் அவ்வளவு விரைவாகப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. சுற்றி நின்றவர்களில் யாருக்கும் அது ஒன்றுமில்லை. எனக்கு மட்டும் என் பழைய மேசைக்கு முன்னால், திறந்து பார்க்க வேண்டிய ஒரு பெட்டி வந்து இறங்கியதுபோல இருந்தது.

“தலையில மட்டும் தொடலாம்” என்றார் வைத்தியர். “அது கூட்டாளிக்குக் கூட்டாளி செய்யிறது. முதுகில கை வைச்சால் அதுக்கு அது வேற கதை. புருஷன் வந்திட்டார், கூடு கட்டுவம் எண்டு உடம்பு வேலை தொடங்கிடும். வெளிச்சத்தையும் குறையுங்கோ, பின்னேரத்தோட கூண்டை மூடுங்கோ. அலுமாரிக்குக் கீழ, உடுப்பு வைக்கிற லாச்சிக்குள்ள விடாதேங்கோ. இன்னொருக்கா முட்டை இப்பிடி நிண்டால் நான் பொறுப்புச் சொல்ல ஏலாது.”

மதியத்துக்குச் சற்று முன் முட்டை இறங்கியது. பறவை அத்தானின் விரலைத் தேடி ஏறி நின்று, தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது. அவர் எல்லோருக்கும் முன்னால் அதைத் தொடாமல் நின்றார். தொடாமல் நிற்பதற்கு ஒரு மனிதன் அவ்வளவு பலம் செலவழிப்பதை நான் அன்றுதான் பார்த்தேன்.

இரண்டு நாள் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் உண்மை வராது, பார்த்தால்தான் வரும். மூன்றாம் நாள் பின்னேரம், ஒழுங்கை உறங்குகிற வேளையில், அவர் வீட்டு அறை யன்னலுக்கு வெளியே போய் நின்றேன். அத்தான் கட்டில் விளிம்பில் இருந்தார். அது அக்கா படுத்திருந்த பக்கம். பறவை அவர் மடியில். காய்த்துப்போன அந்தக் கை அதன் தலையிலிருந்து வால்வரை, ஒரு தடவை, இன்னொரு தடவை, இறகு கலையாமல் போய் வந்தது. பறவை உடம்பைத் தாழ்த்தி, வாலை உயர்த்தி, செட்டைகளைச் சற்றே விரித்து, அந்தச் சைக்கிள் சில்லு ஒலியை இடைவிடாமல் எழுப்பிக்கொண்டிருந்தது. அத்தானின் முகம் எனக்குத் தெரிந்த முகமாக இல்லை. இழுவைப் படகு ஓட்டிய காலத்தில், பெரிய கப்பல் கரையைத் தொட்டுக் கயிறு தளர்ந்த பிறகு அவர் தேநீர்க் கோப்பையோடு நிற்கும்போது இப்படி இருந்திருக்கலாம்.

“அத்தான், தடவுறது நீங்கள்தான்.”

அவர் திரும்பவில்லை. கை மட்டும் நின்றது.

“எவ்வளவு நேரமாய் நிக்கிறாய்?”

“கொஞ்ச நேரமாய்.”

“கள்ளன் மாதிரி வந்து யன்னலுக்கால பாத்திட்டு, என்னைக் கள்ளன் எண்டிறாய்.”

“டொக்டர் கேட்டவ. நீங்கள் இல்லை எண்டனீங்கள்.”

“ஆடு மாட்டோட நிக்கிற சனத்துக்கு முன்னால அந்தப் பிள்ளை கேக்குது, நீங்களோ புருஷன் எண்டு. என்னத்தைச் சொல்லுறது?” பறவையைக் கூண்டின் மேல் விட்டார். அது உடனே அவர் தோளுக்குத் திரும்பியது. “எனக்கு இதில பிழையான எண்ணம் ஒண்டும் இல்லை தம்பி.”

“அது எனக்குத் தெரியும். அதுக்குத் தெரியாதே.”

தோளில் நின்ற பறவையை மெல்ல விரலில் ஏற்றிக்கொண்டார். பிறகு சொன்னதை நான் அவர் வாயிலிருந்து எதிர்பார்க்கவில்லை.

“உன்ர அக்கா போன பிறகு இந்த வீட்டில உடம்புச் சூட்டோட இருக்கிறது இது ஒண்டுதான். என்னை ஆர் தொடுகினம்? மிச்சக் காசைக்கூட பஸ் கொண்டக்டர் கையில தராமல் சீட்டில வைச்சிட்டுப் போறான்.”

அதற்கு என்னிடம் விதி ஒன்றும் இருக்கவில்லை. விதி இல்லாத இடத்தில் நான் வழக்கமாகச் செய்வதைத்தான் செய்தேன், நடைமுறையை எடுத்துச் சொன்னேன். தலை மட்டும். ஒரு விரல் மட்டும். பின்னேரத்தோடு கூண்டு மூடப்பட வேண்டும். இழுப்பறைக்குப் பூட்டு. முட்டை இருந்தால் இருந்தபடி. “இல்லையெண்டால் அது செத்துப்போகும் அத்தான்” என்றேன். “ஓம்” என்று ஒத்துக்கொண்டார். அக்காவின் வைத்தியர் எது சொன்னபோதும் அத்தான் அந்த மாதிரித்தான் ஓம் என்றார்.

சொன்னபடி செய்தார். கட்டளைக்குப் பழகிய மனிதர், அதிலும் குறுக்குவழி தெரியாதவர். பறவை மடியில் வந்து இறங்கினால் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின்மேல் இருந்துகொள்வார். அது அவர் சட்டையைக் கவ்வி இழுக்கும். வாலை உயர்த்திப் பின்னால் பின்னால் நகர்ந்து வரும். கத்தும். அவர் ஒரு விரலை மட்டும் எடுத்துக் கொண்டைக்குப் பின்னால் இரண்டு முறை சொறிந்துவிட்டு மறுபடியும் கையை ஒளித்துக்கொள்வார். பறவை கத்துவது என் வீட்டு விறாந்தை வரை கேட்கும். நானா ஒரு வெள்ளிக்கிழமை வந்து சிறிது நேரம் பார்த்துவிட்டு, “இதென்ன, தண்டனையா?” என்று கேட்டார். அத்தான் என்னைக் காட்டி, “சேரிட்டக் கேள்” என்றார்.

முட்டைகள் நின்றன. கூண்டில் எடுக்காமல் விட்ட கடைசி முட்டைகளின் மேல் கொஞ்சக் காலம் குந்தியிருந்துவிட்டு, ஒரு நாள் பறவை எழுந்து தீனிக் கிண்ணத்துக்குப் போய்விட்டது. இறகில் மினுமினுப்பு வந்தது. என்னைக் கடிப்பதைக்கூட ஓரளவு குறைத்துக்கொண்டது. வழக்குக் கோப்பை மூடிவிட்டதாக நான் நினைத்தேன்.

ஆனால் அத்தானில் ஏதோ சரியில்லை. முகம் மழிப்பது குறைந்தது. துறைமுகத்தில் கப்பல் ஊதினால் நிமிர்ந்து பார்ப்பதை விட்டார். கதிரையில் இருக்கும்போது அவர் கை, தனக்குத் தெரியாமலே, கதிரையின் மரக் கையை மேலிருந்து கீழே தடவிக்கொண்டிருந்தது. மறைத்து மறுபடியும் பறவையைத் தடவுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தால் சோதிக்காமல் இருக்க எனக்கு ஏலாது. அவர் நானாவோடு கடற்கரைக்குப் போயிருந்த ஒரு பின்னேரம், என்னிடம் இருந்த மாற்றுத் திறப்பால் கதவைத் திறந்து, வீட்டைப் பார்த்தேன். இழுப்பறை பூட்டியிருந்தது. அலுமாரியின் கீழ் பலகை அடைத்திருந்தது. கூண்டில் எல்லாம் முறையாக இருந்தன. குற்றம் எதுவும் இல்லை. குளியலறைத் தட்டில் மட்டும் ஒரு நல்லெண்ணெய்ப் போத்தல் இருந்தது. மூடியில் தூசி. அடி மரத்தோடு ஒட்டிப்போயிருந்தது. எடுத்தபோது கீழே வட்டமாக, தூசி படாத இடம். அக்கா வைத்த இடத்திலிருந்து அதை ஒருவரும் நகர்த்தவில்லை.

சனிக்கிழமைகளில் அக்கா அவருக்குத் தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்துவிடுவது எனக்குத் தெரியும். ஒழுங்கைக்கே தெரியும். அந்த நேரத்தில் யார் போனாலும், “முழுக்கு நடக்குது, பிறகு வா” என்று உள்ளேயிருந்து அக்கா குரல் வரும். நோயில் படுத்த பிறகும், கட்டிலுக்குக் கீழே அவரை நிலத்தில் இருத்தி, கை எட்டும் வரை தேய்த்துவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அந்தத் தலையில் யாருடைய கையும் படவில்லை. அத்தானின் தலை வறண்டு செதில் செதிலாக உதிர்வதை மாதக் கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளவில்லை.

பல வருடங்கள் கழிந்து இப்போது அத்தான் உயிரோடு இல்லை. பறவை என் வீட்டில் இருக்கிறது. அதற்கு வயதாகிவிட்டது, கொண்டையின் நுனி கலைந்திருக்கிறது. என்னைச் சோடியாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து துளியும் இல்லை. நான் விரலை நீட்டினால் நெடுநேரம் யோசித்த பின், பெரிய சலுகை செய்வதுபோலத் தலையைக் குனிந்து தரும். கொஞ்ச நேரம்தான். அதற்குமேல் போனால் சீறும். பறவை தனியாக வளர்க்கிறவர்கள் என்னிடம் வந்து, ஏன் கத்துகிறது, ஏன் காகிதம் கிழிக்கிறது, ஏன் செருப்பில் ஏறி உரசுகிறது என்று கேட்பதுண்டு. நானும் பொறுமையாகக் கேட்டு, தலை மட்டும், ஒரு விரல் மட்டும் என்று சொல்லி அனுப்புகிறேன். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்றும் கேட்பேன். அந்தக் கேள்விக்கும் பறவைக்கும் என்ன தொடர்பு என்று அவர்கள் பார்ப்பார்கள்.

அந்தப் பழைய போத்தலைக் கண்டதற்கு அடுத்த சனிக்கிழமை காலை, நான் புது நல்லெண்ணெய்ப் போத்தல் ஒன்றை வாங்கிக்கொண்டு அத்தான் வீட்டுக்குப் போனேன். அவர் குசினி வாசலில் குந்தியிருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். கையிலிருந்த போத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“என்ன வேணும் உனக்கு?”

“ஒண்டும் இல்லை. கதிரையில இருங்கோ.”

“ஒண்டும் இல்லாமல் நீ ஒரு இடத்துக்கும் வரமாட்டாய். என்னத்தைக் கண்டுபிடிச்சனீ?”

“தலை காஞ்சுபோய்க் கிடக்கு அத்தான். பாக்கேலாமல் கிடக்கு.”

“அதுக்கு?”

“இருங்கோ எண்டிறன்.”

சட்டையைக் கழற்றி, முன்னறைக் கதிரையில், எந்த நேரமும் எழுந்துவிடத் தயாரான மனிதராக நுனியில் இருந்தார். நான் யாருக்கும் எண்ணெய் வைத்தவன் அல்ல. கையில் ஊற்றியது பாதி விரலிடுக்கால் சாரத்தில் வடிந்தது. உச்சியில் கை வைத்ததும் அவர் உடம்பு முழுவதும் விறைத்தது. கழுத்து நரம்புகள் ஈரக் கயிறுபோல முறுக்கேறின. நானும் விறைத்துப்போய்த்தான் நின்றேன். இரண்டு வயதான ஆண்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியில்லாதபடி, ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கூண்டின் மேல் நின்ற பறவை கொண்டையைப் பின்னுக்குச் சாய்த்து, என் கைகளையே பார்த்து, ஒரு நீண்ட சீறலைத் தொடங்கியது. விசாரணையின்றி என்னைக் குற்றவாளி என்று அது முடிவு செய்துவிட்டது.

“அவள் இப்பிடிச் செய்யிறேல்லை” என்றார் அத்தான் சிறிது நேரம் கழித்து.

“எப்பிடிச் செய்யிறவ?”

“காதுக்குப் பின்னால போகவேணும். நகம் படக்கூடாது.”

காதுக்குப் பின்னால் போனேன். நகம் படாமல் பார்த்துக்கொண்டேன். முறுக்கு ஒவ்வொன்றாக விட்டது. தோள்கள் இறங்கின. பிறகு அந்தத் தலை மெதுவாகப் பின்னால் சாய்ந்து என் வயிற்றில் பாரமாக வந்து தங்கியது. அவர் அதை அறியவில்லை, அல்லது அறியாததுபோல இருந்தார். நான் நகரவில்லை. துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஊதியது. அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அவர் சொல்லவில்லை. கண்கள் மூடியிருந்தன.

முடிந்ததும் துவாயால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“வாற சனிக்கிழமையும் வா. எனக்காக இல்லை. இந்தக் கிளி உன்னைக் கண்டால் சீறுது, கொஞ்சம் பழக்கவேணும்.”

துறைமுக வாசலில் நின்ற காலமெல்லாம் நான் பொய்ச் சரக்கு எதையும் உள்ளே விட்டதில்லை. அவர் சொன்ன இந்தக் காரணத்தை மட்டும் திறந்து பார்க்கவில்லை. “ஓம் அத்தான்” என்று சொல்லிவிட்டு, எண்ணெய்க் கையோடு ஒழுங்கையைக் கடந்து வந்தேன்.